கரப்பொத்தானின் விரதம்

போன மாசி மாதம் ஒரு காலை, நான் வேலை செய்த பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பிரிவில் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர் பிள்ளை ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். பெயர் கௌசல்யா. நான் ஓய்வு பெற்று எட்டு வருடமாகிறது. இந்த எட்டு வருடத்தில் என்னைத் தேடிக் கூப்பிடுகிறவர்கள் இரண்டு வகைதான். செத்தவீடு சொல்லுகிறவர்கள் ஒன்று, பழைய அலுமாரியின் திறப்பு எங்கே என்று கேட்கிறவர்கள் மற்றது. இந்தப் பிள்ளை இரண்டிலும் சேராமல் ஒரு எழுத்தைக் கேட்டாள்.

"ஐயா, நாகேஸ்வரி மிஸ்ஸின்ரை பழைய கொப்பி ஒண்டு, அவவின்ரை தங்கச்சி அனுப்பின பெட்டிக்கை கிடந்தது. பக்கம் முழுக்க 'சா', 'வி' எண்டு ரெண்டு எழுத்துத்தான். 'சா' சாப்பாடு எண்டு விளங்குது. 'வி' எண்டால் என்ன?"

"விரதம்" என்றேன்.

"கரப்பொத்தானுக்கோ?"

"ஓம் பிள்ளை. கரப்பொத்தானுக்குத்தான்."

சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. பிறகு அவள் விஷயத்தைச் சொன்னாள். பூச்சிகளின் குடலில் சுரக்கும் ஓமோன்கள் பசியை எப்படிக் கூட்டிக் குறைக்கின்றன என்பதுதான் இப்போது அவளுடைய ஆராய்ச்சி. வெளியுலகில் அந்த ஓமோன்களுக்கு இன்று பெயர்களே வைத்துவிட்டார்களாம். மிஸ் அந்த நாளிலேயே கண்டது சரியாக இருந்தால் அவருடைய பெயரிலேயே வெளியிடலாம் என்று பிரிவில் கதைத்திருக்கிறார்கள். "ஆனால் ஐயா, இலக்கங்கள் ஒண்டோடை ஒண்டு ஒத்துவருதில்லை. எதை நம்பலாம் எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்" என்றாள். அடுத்த கிழமை கொப்பியோடு வருவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் வருவதற்குள் எனக்குத் தெரிந்ததை எழுதிவிடலாம் என்று இருந்தேன். தெரிந்தது குறைவு, குழப்பம்தான் அதிகம். போதாக்குறைக்கு, அந்தக் குழப்பத்தில் பெரும்பங்கு நான் செய்தது.

நான் ஆய்வுகூட உதவியாளனாகச் சேர்ந்தது 1983இல். அதற்கு முன் ஒரு மருந்துக்கடையில் இரண்டு வருடம் போத்தல் கழுவினேன். ஆய்வுகூடத்திலும் முதல் இரண்டு வருடம் போத்தல்தான் கழுவினேன். பிறகு தராசில் மில்லிகிராம் பார்க்கப் பழகினேன், மூச்சை அடக்கப் பழகினேன், ஒரு பூச்சியின் வயிற்றைக் குடல் அறாமல் திறக்கப் பழகினேன். பயிற்சிக்காலம் என்று சொல்ல அவ்வளவுதான்.

நாகேஸ்வரி மிஸ் எனக்கு மேலே இருந்தவர். ஐம்பதை நெருங்கிய தெல்லிப்பழைக்காரி, கலியாணம் கட்டாதவர். என்னை 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தாலும் 'நீர்', சந்தோஷம் வந்தாலும் 'நீர்'. ஒரு விஷயத்தை ஒருமுறைதான் சொல்வார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கால்மேல் கால் போடாமல், உயரமான ஸ்டூலில் நிமிர்ந்து இருப்பார். வருடத்தில் பாதி நாள் ஏதாவது விரதம் பிடிப்பார். வெள்ளி ஒன்று, சதுர்த்தி ஒன்று, கந்தசட்டி ஆறு நாள். அவருடைய ஆய்வுகூடத்துக்குள் அழிறப்பர் கொண்டுவரக் கூடாது. பிழையாக எழுதினால் ஒரே ஒரு கோடு போட்டு வெட்டவேண்டும், அதுவும் வெட்டிய எழுத்து வாசிக்கத் தெரியும்படி. "பிழையும் ஒரு தரவுதான், தங்கராசா. அதை ஏன் ஒளிக்கிறீர்?" என்பார். நான் தலையாட்டுவேன். தலையாட்டுவதில் எனக்கு எப்போதும் குறை இருந்ததில்லை.

அவர் கேட்ட கேள்வி சின்னது. ஒரு பூச்சி வயிறு நிறையத் தின்றதும் ஏன் நிறுத்துகிறது? வயிறு இழுபட்டதாலா, அல்லது குடல் ஏதாவது சொல்லி அனுப்புகிறதா? "குடலை எல்லாரும் குழாய் எண்டு நினைக்கினம். அது குழாய் இல்லை, கதைக்கும். என்ன கதைக்குது எண்டு கேப்பம்" என்றார். அதைத்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பதிந்திருந்த தன்னுடைய கலாநிதிப் பட்டத்துக்கு எழுத இருந்தார். அது வந்தால்தான் அவர் முதுநிலை விரிவுரையாளர் ஆகலாம், வராவிட்டால் இருந்த படியிலேயே இருந்து ஓய்வுபெறவேண்டும். இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை, ஆனாலும் பிரிவில் எல்லாருக்கும் தெரியும்.

வேலை இப்படி நடக்கும். விடுதிக்குப் பின்னால் கழிவுநீர்க் கான் மூடிகளைத் திறந்து கரப்பொத்தான் பிடிப்பேன். கண்ணாடிச் சாடிகளுக்குள் முட்டை அட்டையைப் போட்டு, அவற்றை உள்ளே விட்டு, அவை ஏறிவராமல் விளிம்பின் உட்புறத்தில் வஸ்லின் பூசுவேன். வஸ்லின் இல்லாத மாதங்களில் சைக்கிள் கடைக் கிறீஸ். சில சாடிகளுக்குத் தினமும் றஸ்க் தூள். சில சாடிகளுக்கு ஏழு நாள் தண்ணீர் நனைத்த பஞ்சு மட்டும். ஏழாம் நாள் இரண்டு வகையிலும் பூச்சிகளை எடுத்து, ஐஸில் மயக்கி, மெழுகுத் தட்டில் ஊசி குத்தித் திறப்பேன். முதலில் பெரிய பையாகத் தெரிவது தீனிப்பை. தின்றது முதலில் அங்கேதான் தங்கும். அதற்குப் பின்னால் எட்டுச் சிறு விரல்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் நடுக்குடல் தொடங்குகிறது, மஞ்சள் நூற்கற்றை தெரியும் இடத்தில் முடிகிறது. அந்த நடுத்துண்டுதான் எங்களுக்குத் தேவை. அதை வெட்டியெடுத்துக் கழுவி, உப்புநீரில் அரைத்து, கொஞ்சம் கொதிக்கவைத்து, கையால் சுற்றும் மையநீக்கியில் சுற்றித் தெளிவை எடுப்பேன். என் மேசைக்கடியில் வேறாக வைத்திருந்த பசித்த பூச்சிகளுக்கு மிஸ் அந்தத் தெளிவை ஊசியால் ஏற்றுவார். பிறகு தராசில் நிறுத்த றஸ்க் கொடுப்போம். இரண்டு மணித்தியாலம் கழித்து மிச்சத்தை நிறுப்போம்.

முதல் வருடத்தில் பதில் தெளிவாக வந்தது. தின்ற பூச்சியின் குடற்சாறு ஏறினால் பசித்த பூச்சியும் கொஞ்சம் கொறித்துவிட்டு விலகிவிடும். தின்னாத பூச்சியின் சாறு ஏறினால் வழக்கம்போலத் தின்னும், சிலவேளை கூடவும் தின்னும். மிஸ் அன்றைக்கு ஸ்டூலை விட்டு எழும்பி யன்னலடிக்குப் போய் நின்றார். அவர் சந்தோஷப்பட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஒருதரம் செய்தது காணாது, இன்னும் செய்யவேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார். 87 ஐப்பசியில் சண்டை வந்து எல்லாரும் ஓடினோம். திரும்பி வந்தபோது ஆய்வுகூடத்தில் கூரை இருந்தது, கொப்பி இல்லை. எல்லாவற்றையும் முதலில் இருந்து செய்யவேண்டியதாயிற்று.

புதிய சாடிகளை அடுக்கி நான் வெள்ளைத் துண்டில் பேர் எழுதி ஒட்டினேன். தின்னுகிற சாடிக்குச் 'சாப்பாடு', தின்னாத சாடிக்குப் 'பட்டினி'. முதற்தடவையும் அப்படித்தான் எழுதினேன், அப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. இந்தமுறை வாசித்துவிட்டுத் துண்டின்மேல் விரலை வைத்தார். அந்தச் சண்டை நாட்களில் அவர் ஒரு கோயில் மண்டபத்தில் நூற்றுக்கணக்கான சனத்தோடு இருந்தவர். அங்கே என்ன கண்டார் என்று எங்களுக்குச் சொன்னதில்லை.

"உந்தச் சொல் இங்கை வேண்டாம், தங்கராசா. கழட்டும்" என்றார். "பூச்சிக்கு உந்தச் சொல்லைக் கைகூசாமல் எழுதினால், நாளைக்கு மனிசருக்கும் எழுதுவம்."

"அப்ப என்னண்டு எழுத, மிஸ்?"

"ஏதாவது எழுதும்."

நான் 'விரதம்' என்று எழுதினேன். பகிடியாகத்தான். அவருடைய உதடு கொஞ்சம் அசைந்தது, வேண்டாம் என்று சொல்லவில்லை. கொப்பியில் அது 'வி' ஆயிற்று.

சாடிகளின் தண்ணீர்ப் பஞ்சை மாற்றுவதும் அறையைக் கூட்டுவதும் சரசக்காவின் வேலை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கரப்பொத்தானைக் கண்டால் மற்றப் பெண்களைப்போலத் துள்ளமாட்டார். "இதுகளும் ஒரு சீவன்தானே" என்று சொல்லி முதுகில் தட்டுவார். எழுத்து வாசிக்க நன்றாகத் தெரியும், கோயில் நோட்டீசுகளை ஒரு வரி விடாமல் வாசிப்பார்.

இரண்டாம் சுற்று தொடங்கி ஓரிரு மாதத்திலேயே இலக்கங்கள் குழம்பின. 'வி' பூச்சியின் சாறு ஒரு நாள் பசியைக் கூட்டியது, மறுநாள் தின்ற பூச்சியின் சாறு போலவே பசியை அடக்கியது. மிஸ் உப்புநீரை மாற்றினார். ஊசியை மாற்றினார். பிறகு தராசைச் சந்தேகப்பட்டார், அதன்பின் தன்னுடைய கையையே சந்தேகப்பட்டார். "முதற்தரம் கண்டது பொய்யோ, தங்கராசா?" என்று ஒரு நாள் கேட்டார். நான் மையநீக்கியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

இனி என் பங்குக்கு வருகிறேன். பூச்சியைத் திறந்ததும் தீனிப்பையைப் பார்த்து 'நிறைவு', 'அரை', 'வெறும்' என்ற மூன்றில் ஒன்றைக் கொப்பியில் எழுதவேண்டியவன் நான். ஒரு நாள் 'வி' பூச்சி ஒன்றின் தீனிப்பைக்குள் மண்ணிறமாக ஏதோ களி கிடந்தது. றஸ்க் களி போலவே இருந்தது. சாடியை மாறி எடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது என் வேலை நிரந்தரமாகவில்லை. வீட்டில் மனிசி இரண்டாவதைச் சுமந்துகொண்டிருந்தாள். சாடி மாறி எடுக்கிற உதவியாளனை யார் நிரந்தரமாக்குவார்கள்? 'வெறும்' என்று எழுதினேன். அடுத்த கிழமையும் இரண்டு பூச்சியில் களி. அதற்கும் 'வெறும்'. பிறகு எனக்கே எரிச்சல் வந்து, 'வி' பூச்சிகளின் தீனிப்பையைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன். பார்க்காமலே 'வெறும்', 'வெறும்' என்று வரிசையாக எழுதினேன். எழுத்து வடிவாகத்தான் இருந்தது.

எட்டு மாதம் இப்படிப் போனது. கடைசியில் பிடித்தது மிஸ்தான், அதுவும் எச்சத்தை வைத்து. 'வி' சாடி ஒன்றின் அடியில் வெள்ளைக் கடுதாசி விரித்து வைத்திருந்தார். ஐந்தாம் நாள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கடுகு கடுகாகப் புழுக்கை.

"தின்னாத வயிறு இவ்வளவு போடுமோ, தங்கராசா?"

பூச்சிகளை நிறுத்துப் பார்த்தோம். ஐந்து நாள் தின்னாத பூச்சி இளைத்திருக்கவேண்டும். அவை இளைக்கவில்லை. மிஸ் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடப் போகாமல் ஸ்டூலிலேயே இருந்தார். நானும் நின்றேன். பக்கத்துக் கோயிலில் உச்சிப் பூசை மணி கேட்டது. சரசக்கா உள்ளே வந்தார். குழாயில் கை கழுவினார், சேலைத் தலைப்பில் துடைத்தார், றஸ்க் டின்னைத் திறந்தார். 'விரதம்' என்று எழுதிய சாடி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு போனார். எங்களைக் கண்டும் கை நிற்கவில்லை.

"சரசக்கா, என்ன செய்யிறியள்?" என்று மிஸ் கேட்டார்.

"விரதகாரருக்கு மத்தியானச் சாப்பாடு, மிஸ்."

"ஆர் போடச் சொன்னது?"

"சொல்லவேணுமே? சாடியிலை எழுதிக் கிடக்கு. தங்கராசாத் தம்பிதான் எழுதினது. விரதம் எண்டால் ஒரு நேரம் குடுக்கத்தானே வேணும்?"

"ஒவ்வொரு நாளும் போட்டனீங்களோ?"

சரசக்கா யோசித்தார். "ஞாயிறு வாறேல்லை. லீவு நிண்ட நாளும் போடேல்லை. பூசை பிந்தின நாள் சிலவேளை மறந்திருப்பன். ஆரும் போட்டிருப்பியள் எண்டு நினைச்சன்."

"அதுகளுக்கு ஒண்டுமே குடுக்கக் கூடாது, சரசக்கா. ஏழு நாளும்."

சரசக்கா டின்னை மூடிவிட்டு மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தார். "அதுக்குப் பேர் விரதம் இல்லையே, மிஸ். பட்டினியெல்லோ."

அந்தச் சொல்லைக் கழற்றச் சொன்னவர் மிஸ். அதன் இடத்தில் மற்றச் சொல்லை ஒட்டியவன் நான். சரசக்கா அதை வாசித்தபடி நடந்தார். இதில் பிழை யாருடையது என்று அன்றும் எனக்கு விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

சரசக்கா போனபிறகு மிஸ் கொப்பியை விரித்தார். அவருடைய குரலில் ஒரு நம்பிக்கை இருந்தது, அதுதான் என்னைக் கொன்றது. "முழுக்க வீணாகேல்லை. போட்ட நாள் எது, போடாத நாள் எது எண்டு தீனிப்பை சொல்லும். நீர் பார்த்து எழுதினதை வைச்சு நான் பிரிச்செடுக்கலாம்." விரலை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக இறங்கினார். வெறும். வெறும். வெறும். விரல் நின்றது.

"எல்லாம் வெறும் எண்டு கிடக்கு. பார்த்துத்தானே எழுதினனீர்?"

"ஓம் மிஸ். பார்த்துத்தான் எழுதினனான்."

பூசை மணிக்குப் பிறகு பன்னிரண்டரைக்குத் தின்ற பூச்சியை நான் ஒன்றரைக்குத் திறந்தால் தீனிப்பை எப்படி வெறுமையாக இருக்கும்? அவருக்கு விளங்காமல் இருந்திருக்காது. அடிமட்டத்தை எடுத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு கோடாகப் போட்டு எட்டு மாதத்தையும் வெட்டினார். வாசிக்கத் தெரியும்படிதான் வெட்டினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல அந்த நேரம் முழுவதும் எனக்கு இருந்தது.

அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாயிற்று. பரிந்துரைக் கடிதத்தை எழுதியவர் மிஸ். 'கவனமானவர்' என்று ஒரு சொல் அதில் இருந்தது. ஏன் எழுதினார் என்று யோசித்து யோசித்து நான் களைத்துப்போனேன். கேட்கத் துணிவு வரவில்லை.

பிறகு அவர் கேள்வியையே மாற்றினார். "இனி முழுக்கக் குடுக்காமல் விடவேண்டாம். சரசக்காவின்ரை விரதத்தையே பார்ப்பம்" என்றார். ஒரு நாளைக்கு ஒரு நேரம் தின்னும் பூச்சியின் குடல், மணி அடிக்குமுன் என்ன சொல்கிறது, தின்றபின் என்ன சொல்கிறது? முன்னே எடுத்த சாறு பசியைக் கூட்டியது. பின்னே எடுத்த சாறு குறைத்தது. சாப்பாடு வருமுன்பே குடல் ஆயத்தமாகிவிடுகிறது போலிருந்தது. "குடலுக்கு மணிச் சத்தம் தெரியுமோ?" என்று மிஸ் தனக்குள் கேட்டார். "ஏன் தெரியாது, எனக்குத் தெரியுதுதானே" என்றார் கூட்டிக்கொண்டிருந்த சரசக்கா.

நம்பி ஒரு வருடம் ஓடினோம். தொண்ணூறில் மின்சாரம் போனது. தெல்லிப்பழையும் இராணுவத்திடம் போனது. மிஸ் தன் வீட்டைவிட்டு வந்து வளாகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையில் இருந்தார். ஐஸ் கிடைக்காமல், அப்பச்சோடாவில் வினாகிரி ஊற்றி வரும் வாயுவால் பூச்சிகளை மயக்கினோம். மண்ணெண்ணெய் அடுப்பில் சாறு காய்ச்சினோம். ஷெல்லடி நாட்களில் கோயிலில் பூசை நேரம் மாறும், சில நாள் மணியே கேட்காது. சரசக்காவோ மணிக்குத்தான் போடுவார், மணிக்கூட்டுக்குப் போடமாட்டார். பூச்சிகளும் குழம்பின, நாங்களும் குழம்பினோம். ஒரு கிழமை அப்படி, மறு கிழமை இப்படி. கப்பலில் போய்வரும் தபாலில் அவகாசம் கேட்டுக் கேட்டு, கடைசியாக 95ஆம் ஆண்டு மார்கழி முடிவுக்குள் தந்தால் பார்ப்போம் என்று வெளிநாட்டில் இருந்து கடிதம் வந்தது. வெட்டிய அந்த எட்டு மாதம் கையில் இருந்திருந்தால் அவர் இரண்டு வருடத்துக்கு முன்னமே முடித்திருப்பார். அந்த ஐப்பசியில் ஒவ்வொரு நாளும் அவர் ஆய்வேட்டைத் தட்டச்சு அடிக்கும் சத்தம் கேட்டால் நான் வெளியே போய் நிற்பேன்.

எல்லாரும் ஊரைவிட்டு வெளிக்கிடவேண்டும் என்று அறிவித்த அன்று கந்தசட்டி முடிந்து ஒரு நாளோ இரண்டு நாளோ. என் மனிசி பிள்ளைகள் முன்னமே வன்னியில் அவளுடைய தமக்கை வீட்டில் இருந்தார்கள். நான் அரியாலை வீட்டைப் பூட்டாமலே விட்டுவிட்டு வளாகத்துக்கு ஓடினேன். மிஸ் கொப்பியையும் குடையையும் றஸ்க் டின்னையும் எடுத்துக்கொண்டு நின்றார். தட்டச்சுத் தாள்கள் மேசையில் கட்டாகக் கிடந்தன. எடுக்கவில்லையா என்று கேட்டேன். "கொப்பி இருந்தால் திரும்ப எழுதலாம்" என்றார். சரசக்கா முழு றஸ்க்குகளை விட்டு, டின்னின் அடித்தூளை மட்டும் எல்லாச் சாடிகளுக்குள்ளும் கொட்டினார். பிறகு சாடிகளை ஒவ்வொன்றாகச் சரித்துவிட்டார். "போங்கோ. விரதம் முடிஞ்சுது, எல்லாருக்கும் பாறணை" என்றார்.

மழைக்குள் பாலம் கடந்த கதையை எழுத நான் ஆளில்லை, அதை நடந்த எல்லாரும் அறிவார்கள். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஒரு மூலை கிடைத்தது. ஆறு நாள் மூவரும் அங்கே இருந்தோம். காலையில் மிஸ் டின்னைத் திறந்து சரசக்காவுக்கு ஒரு றஸ்க், எனக்கு ஒரு றஸ்க் தருவார். பிறகு டின்னை மூடிவிடுவார்.

"நீங்கள், மிஸ்?"

"நான் விரதம்."

"சட்டி முடிஞ்சுதெல்லோ?"

"இது வேறை நேர்த்தி. பின்னேரம் ஒரு பிள்ளையின்ரை வீட்டிலை ஒரு நேரம் சாப்பிடுறன். நீர் சாப்பிடும்."

பின்னேரம் குடையை எடுத்துக்கொண்டு போவார், ஒரு மணித்தியாலத்தில் வருவார். படிப்பித்த பிள்ளைகள் அவருக்கு ஊரெல்லாம் இருந்தார்கள். விரதம் அவருக்குப் புதிதும் இல்லை. நான் றஸ்க்கைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டேன். ஏழாம் நாள் சமைத்த சோறு பொதுவில் வந்தது. அதற்கு அடுத்த நாள் நான் வன்னிக்கு வெளிக்கிட்டேன். மிஸ் பிறகு கொழும்பில் தங்கையிடம் போய்ச் சேர்ந்தார் என்றும், பட்டத்துக்கு எழுதவில்லை என்றும், மூன்று நாலு வருடத்தில் காலமானார் என்றும் ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன். சரசக்காவும் இப்போது இல்லை.

இதுவரை எழுதியிருக்கும்போது கௌசல்யா வந்துவிட்டாள்.

கொப்பியை மேசையில் வைத்தாள். மட்டை ஊறிப் பழுத்திருந்தது. அவளைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி ஆறுமுன் எல்லாவற்றையும் சொன்னேன். தீனிப்பையைப் பார்க்காமல் எழுதினேன் என்று முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு முதன்முறையாக வாயால் சொன்னேன். நெஞ்சு இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை.

அவள் வெட்டிய பக்கங்களைப் புரட்டினாள். "மிஸ்ஸுக்குத் தெரியும், ஐயா" என்றாள். கோடு போட்ட ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பொடி எழுத்தில் 'தீனிப்பை பார்க்கப்படவில்லை' என்று இருந்தது. யார் பார்க்கவில்லை என்று ஓரிடத்திலும் இல்லை.

"அப்ப இந்தப் பக்கங்களை விட்டிட்டு, மணி அடிச்சு எடுத்த பக்கங்களை மட்டும் பாக்கிறன். அதுகளிலை ஏதோ இருக்கு" என்றாள். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள். "இதுதான் எனக்கு ஒண்டுமா விளங்கேல்லை. ஆறு நாள், மூண்டே மூண்டு பூச்சி. ஒரு கரப்பொத்தான் ஒரு நாளைக்கு முழு றஸ்க் தின்னுமோ, ஐயா?"

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மிஸ்ஸின் எழுத்துத்தான், மழை பட்டுக் கொஞ்சம் ஊறியிருந்தது. 'சா 1', ஆறு நாளும் ஒன்று ஒன்று. 'சா 2', ஆறு நாளும் ஒன்று ஒன்று. மூன்றாவது வரிசையில் ஆறு நாளும் பூச்சியம். அதற்கு நேரே பசி என்று ஒரு நிரல். முதல் நாள் 'உண்டு'. இரண்டாம் நாள் 'உண்டு'. மூன்றாம் நாள் 'அதிகம்'. நாலாம் நாள் 'இல்லை'. ஐந்தாம் நாள் 'இல்லை'. ஆறாம் நாளுக்கு நேரே, 'இல்லை. குடல் ஏன் கதையை நிறுத்தியது? திரும்பிப் போனதும் பார்க்கவேண்டும்.'

"இந்த மூண்டாவதுக்கு 'ப 1' எண்டு போட்டிருக்கிறா" என்றாள் கௌசல்யா. "கொப்பியிலை வேறை ஒரு இடத்திலையும் 'ப' இல்லை. அது என்ன?"

எங்களுக்கு விரதம் என்று சொன்னவர், கொப்பியில் 'வி' என்று எழுதவில்லை. பூச்சிக்கும் எழுதவேண்டாம் என்று என் கையால் கழற்றுவித்த சொல்லைத் தன் வரிசைக்குப் பேராக எழுதியிருந்தார். நான் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்ற ஆறு றஸ்க்கும் அந்தப் பக்கத்தில் ஒன்று ஒன்றாக இருந்தன.

"ஐயா?"

"அதுகள் பூச்சியள் இல்லை, பிள்ளை" என்றேன். "சா ஒண்டு சரசக்கா. சா ரெண்டு நான்."